கடல் இதழின் பக்கங்கள்

ஜூன் 3, செவ்வாய்

தன்விவரம் எழுத உட்கார்ந்தேன். முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. பெயர் அங்கயற்கண்ணி, எம்.ஏ. வரலாறு, கல்லூரி முடித்த நாளிலிருந்து ஒரே பதிப்பகம், கடைசியாக வகித்த பதவி வடிவமைப்புத் தலைவர். பதிப்பகத்தை மூடிவிட்டார்கள் என்பதையும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதவில்லை.

ஆதிரைக்கு அனுப்பினேன். பெங்களூரிலிருந்து உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, இது ரேஷன் கார்டு மாதிரி இருக்கு."

"விவரமெல்லாம் சரியா இருக்குல்ல?"

"ரேஷன் கார்டுலயும் சரியாத்தான் இருக்கும்."

டிசைன் வேலைக்கு விண்ணப்பிப்பவர் அனுப்பும் தாளே ஒரு டிசைனாக இருக்க வேண்டுமாம். அதோடு, செய்த வேலைகளில் சிறந்தவற்றைப் பொறுக்கி போர்ட்ஃபோலியோ ஒன்று வேண்டும். அது இணையத்திலும் இருக்க வேண்டும். பார்க்கிறவர் முதல் பக்கத்திலேயே அசந்துபோக வேண்டும் என்கிறாள் மகள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள். அப்போதே நான் பாடவில்லை.

சென்னையில் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று மதுரையில் கிளை தொடங்குகிறது. அவர்களுக்குத் தலைமை வடிவமைப்பாளர் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், பீபிகுளத்திலிருந்து ஒரே பேருந்தில் போய்வரக்கூடிய வேலை இன்னொரு முறை வருமா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கூத்து.

ஜூன் 5, வியாழன்

அலமாரியைத் திறந்து பழைய வேலைகளை எல்லாம் கூடத்தில் பரப்பினேன். பெரும்பாலும் பள்ளிக் கையேடுகள். கணக்கு, அறிவியல், வரலாறு, வினா வங்கி. அட்டவணைகள் நேராக நிற்கின்றன, கட்டங்கள் பக்கம் மாறினாலும் பிசகவில்லை, பிழை இல்லை. அசந்துபோகவும் ஒன்றும் இல்லை.

இவர் பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே, "என்ன, பழைய பேப்பர்காரனை வரச் சொல்லியிருக்கியா?" என்றார். இயற்பியல் வாத்தியார்களுக்கு எல்லாமே எடை.

மூன்று வருடம் நாங்கள் நடத்திய சிறுவர் மாத இதழ் ஒரு கட்டு இருந்தது. அதில் கடல் சிறப்பிதழ். அட்டை முழுக்க ஒரே ஒரு மீன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றி ஒற்றி அதன் செதில்களை உண்டாக்கியிருக்கும். உள்ளே வாழைத்தண்டு வில்லைகளால் ஜெல்லி மீன், பாதியாகப் பிளந்த காலிஃப்ளவரால் பவளப்பாறை. அந்த இதழுக்குக் குழந்தைகளிடமிருந்து சாக்குமூட்டையில் கடிதம் வந்தது.

பின்னட்டையில் "வடிவமைப்பு: அங்கயற்கண்ணி" என்று இருக்கிறது. எங்கள் அலுவலக வழக்கம் அது. யார் எதைச் செய்தாலும் தலைவர் பெயர்தான் அச்சாகும். தப்பு வந்தால் முதலாளி அறைக்குப் போய் நின்றதும் தலைவர்தான், அதனால் அதில் ஒரு நியாயம் உண்டு. அளவு, எழுத்து, பக்க அமைப்பு எல்லாம் நான் பார்த்தேன். படங்களில் என் பிரிவிலிருந்த நஸ்ரினின் பங்கும் உண்டு.

கடல் இதழைத் தனியே எடுத்து வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

ஆதிரை போர்ட்ஃபோலியோவைச் செய்து முடித்துவிட்டாள். திறந்ததும் திரை முழுக்க அந்த மீன். அதன் வாலருகே என் பெயர்.

"அம்மா, இதெல்லாம் நீயா பண்ணே? என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"எங்க டீம்ல பண்ணது."

"டீம்னு போட்டா வீக்கா இருக்கும்மா. அச்சுல உன் பேருதானே இருக்கு?"

"பேரு என்னோடதுதான்."

"அப்புறம் என்ன?"

கையேட்டுப் பக்கங்களில் இரண்டைக் கடைசியில் சேர்த்திருக்கிறாள், பந்தியில் ஊறுகாய் வைப்பதுபோல. மற்றவை எல்லாம் மாத இதழ்ப் பக்கங்கள். நான் எம்.ஏ. முடித்த வருடத்தை எடுத்துவிட்டாள். வயது தெரியக் கூடாதாம்.

"வருஷத்தை எடுத்துட்டா வயசு குறைஞ்சிருமா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கடி," என்றார் இவர்.

அனுப்பியாயிற்று.

ஜூன் 12, வியாழன்

காலை பதினொரு மணிக்கு நஸ்ரின் வந்தாள். மஹபூப்பாளையத்திலிருந்து வெயிலில் வந்திருக்கிறாள், மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. என் கீழே ஏழு வருடம் வேலை பார்த்தவள். வேலை போன நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கடிதம்தான் கொடுத்தார்கள், பெயர் மட்டும் வேறு.

தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அக்கா, அந்தப் படப்புத்தகக் கம்பெனில ஓவியருக்கும் ஆள் எடுக்கறாங்க. ரெஸ்யூம் போட்டிருக்கேன். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள்.

"மாமியார் விடுவாங்களா?"

"மாமிதான் தொரத்தி விடுது. 'நீ வீட்ல இருந்தா எனக்கு டிவி பாக்க எடமில்ல'ங்குது." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மடிக்கணினியைத் திறந்தாள். முதல் பக்கத்தில் மீன்.

நான் மெதுவாகக் கீழே இறக்கிப் பார்த்தேன். ஜெல்லி மீன், பவளப்பாறை, ஆமை. அதற்கும் கீழே, வீட்டிலிருந்து அவள் செய்துகொடுத்த கல்யாணப் பத்திரிகைகளும் கடைக் காலண்டர் அட்டைகளும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா இந்தக் கடல் பக்கங்கள் ஸ்கூல் கைவேலை மாதிரி தெரியுது. பெரிய கம்பெனிக்குக் கொஞ்சம் கனமா இருக்கணும். பத்திரிகை, காலண்டர் எல்லாம் முன்னாடி வை. அதுல ஃபினிஷிங் நல்லா இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "கடல் பக்கத்தை எடுத்துரவாக்கா?"

"எடுத்துரலாம்னு நினைக்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"ரெஸ்யூம்னா சுருக்கமா இருக்கணும்ல."

"சரிக்கா."

என் முன்னாலேயே ஒவ்வொன்றாக நீக்கினாள். டீ ஆறிப்போனது. நீங்களும் அங்கே போட்டிருக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரெஸ்யூம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

தெருவில் வந்த வண்டியில் வெண்டைக்காய் பிஞ்சாக நன்றாக இருந்தது. அவரைக்காய் வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

நேர்காணலுக்கு அழைப்பு. வெள்ளிக்கிழமை. இவர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டாராம், பள்ளியே என்னை வாழ்த்துகிறதாம். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். போர்ட்ஃபோலியோவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

ஜூன் 20, வெள்ளி

கே.கே. நகரில் ஒரு மாடி வீடு. சுவரில் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. நேர்காணல் செய்தவர் பெயர் சுபாஷிணி. கிளையை அவர்தான் நடத்தப் போகிறார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். எழுந்து நின்று வரவேற்றார்.

மீனைத் திரையில் போட்டு வைத்திருந்தார்.

"மேடம், இதைப் பாத்துட்டு நானும் எம் பையனும் வீட்ல உக்காந்து வெண்டைக்காயை வெட்டி ஒத்தினோம். ஒரே கொழகொழன்னு ஈஷிக்கிச்சு. தரையெல்லாம் நீலம். நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"துடைச்சிட்டு ஒத்துவோம்," என்றேன்.

"துடைச்சா போயிருமா?"

"நல்லாத் துடைக்கணும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அதன் பிறகு தாள், அச்சகம், பக்கம் பிரித்தல் என்று பேச்சு போனது. அதிலெல்லாம் என்னால் எவ்வளவு நேரமும் பேச முடியும். பேசினேன். சுபாஷிணி ஆர்வமாகக் கேட்டார். எழுந்துகொள்ளும்போது, "உங்க கற்பனை எங்களுக்கு ரொம்பத் தேவை மேடம்," என்றார்.

திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது.

சுபாஷிணியே கூப்பிட்டுச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"மேடம், நஸ்ரின்னு ஒருத்தங்க ஓவியருக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. உங்க ஆபீஸ்தானாம். அனுப்பினதுல வெறும் காலண்டர், கல்யாணப் பத்திரிகைதான் இருக்கு. ஆனா கோடு நல்லா இருக்கு, எனக்கு விட மனசில்ல. உங்க கீழதான் வேலை பாக்கப் போறாங்க. அவங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. நீங்க சரின்னா எடுத்துக்கறோம், வேண்டாம்னா விட்டுடறோம்."

எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

இவர் மாலையில் பால்கோவாவோடு வந்தார். "தலைமை வடிவமைப்பாளர் அம்மா, காபி கிடைக்குமா, இல்ல மனு குடுக்கணுமா?" காபி போட்டுக் கொடுத்தேன். ஆதிரை வீடியோவில் வந்து கைதட்டினாள். பால்கோவா திகட்டியது.

ஜூன் 25, புதன்

எழுதிய இரண்டு வரி இது: "நஸ்ரின் நேரம் தவறாதவர். சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பார்."

எல்லாம் உண்மை. நேரம் தவறியதே இல்லை. மறுபடி படித்துப் பார்த்தேன். ஓர் ஓவியரைப் பற்றி இப்படி எழுதினால், வேண்டாம் என்று பொருள். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அது புரியும்.

அவள் அங்கே வந்தால் முதல் நாளே யாராவது அந்த மீனைக் காட்டி, உங்கள் மேடம் செய்தது என்பார்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். அவள் வராவிட்டால் ஒன்றும் இல்லை. அச்சில் என் பெயர் இருக்கிறது. கேட்க யாரும் இல்லை.

அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார்.

சொன்னேன். மீனைப் பற்றி மட்டும்.

"பேரு உன்னோடதுதானே போட்டிருக்கு? ஆபீஸ் வழக்கம்தானே?"

"ஆமா."

"ஊர் உலகத்துல நடக்கறதுதான். இதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

"அவளும் அதே பக்கங்களைத்தான் வச்சிருந்தா. எங்கிட்டக் காட்ட வந்தா. எடுக்கச் சொன்னேன்."

பேப்பரை மடித்தார். "நீ அப்ளை பண்ணது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவளுக்குத் தெரியாமயா எடுக்கச் சொன்னே?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு எழுந்து மோட்டாரை நிறுத்தப் போனார். தொட்டி இன்னும் நிறைந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

சுபாஷிணிக்கு எழுதினேன். அந்த மீனைச் செய்தது நஸ்ரின். ஜெல்லி மீன், ஆமை, பவளப்பாறை எல்லாமே அவள்தான். யோசனையும் அவளுடையது, கையும் அவளுடையது. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவிலிருந்த வெண்டைக்காய்த் துண்டை விரலால் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மறுநாள் மீனோடு வந்தாள். நான் அதற்கு எழுத்துரு தேர்ந்தெடுத்தேன், தலைப்பை இடப்பக்கம் நகர்த்தினேன். அவளுடைய விண்ணப்பத்தில் அந்தப் பக்கங்கள் இல்லாததற்கும் நானே காரணம். இவ்வளவும் எழுதினேன்.

"என் வழிகாட்டுதலில்" என்று ஒரு சொல் தானாக வந்து விழுந்தது. அழித்தேன். வாக்கியத்தை மாற்றி எழுதினேன், மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன்.

அனுப்பிவிட்டு அரிசி களைந்தேன்.

ஜூன் 30, திங்கள்

சுபாஷிணியின் பதில்: "வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இரு பணியிடங்களையும் மறுபரிசீலனை செய்கிறோம்."

அவ்வளவுதான்.

ஆதிரையைக் கூப்பிட்டு, போர்ட்ஃபோலியோவிலிருந்து மாத இதழ்ப் பக்கங்களை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேம்மா. எங்கம்மா பண்ணதுன்னு. ஸ்டேட்டஸ் வேற போட்டேன்."

"தெரியும்."

"நான் கேட்டேனே, நீயான்னு."

"கேட்டே."

"சரி, எடுத்துடறேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அப்போ அந்த எடத்துல என்ன வைக்கறது?"

நிஜமாகவே தெரியவில்லை. மறுபடி கையேடுகளைப் புரட்டினேன். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கையேட்டில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மெல்லிய காலக்கோடு ஓடும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குழந்தைக்குத் தான் எந்த நூற்றாண்டில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். புத்தகம் முழுக்க அந்தக் கோடு எங்கும் அறுபடாது. அது என் யோசனை. முதலாளி மை வீண் என்றார். சண்டை போட்டு வைத்தேன். அதன் படத்தை எடுத்து ஆதிரைக்கு அனுப்பினேன்.

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றாள்.

எந்தக் குரலில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 4, வெள்ளி

மதியம் நஸ்ரின் கூப்பிட்டாள். ஹலோ சொல்லவில்லை.

"ஏன்க்கா சொன்னீங்க?"

"உண்மையைச் சொல்லணும்னு..."

"நான் கேட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா, இப்படி எழுதப் போறேன்னு? நேத்து வரச் சொல்லி கூப்பிட்டாங்க. சந்தோஷமாப் போறேன். 'நீங்கதான் பண்ணீங்கன்னா ஏன் மறைச்சீங்க'ன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? முழிச்சிட்டு நிக்கிறேன். கடைசில, இங்கயே ஒண்ணு செஞ்சு காட்டுங்கன்னுட்டாங்க. கள்ளநோட்டு அடிச்சவளை உக்கார வச்ச மாதிரி சுத்தி மூணு பேரு."

"செஞ்சியா?"

"பிஞ்சு வெண்டைக்காயா வாங்கி வச்சிருக்காங்க. இது ஆகாது, முத்தல் வேணும், முந்தின நாளே வெட்டிக் காய வச்சாத்தான் கொழகொழப்பு போகும்னேன். அப்பதான் அந்தம்மா மொகமே மாறுச்சு. வேலை குடுத்துட்டாங்க."

"சந்தோஷம் நஸ்ரின்."

"இருங்கக்கா, நான் இன்னும் முடிக்கல." மூச்சு வாங்கினாள். "நீங்க அப்ளை பண்ணது எனக்குத் தெரியும். ஆதிரை ஸ்டேட்டஸ்ல கம்பெனி பேரோட உங்க போர்ட்ஃபோலியோ லிங்க்கைப் பாத்தேன். அன்னிக்கு அதைப் பாத்துட்டுத்தான் உங்க வீட்டுக்கே வந்தேன்."

அன்று ஆறிப்போன டீ நினைவுக்கு வந்தது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு வந்தேன். 'நஸ்ரின், நானும் அதைத்தான் வச்சிருக்கேன், என்ன பண்ணலாம்'னு கேப்பீங்கன்னு. கேட்டிருந்தா, வச்சுக்கங்கக்கான்னு நானே சொல்லியிருப்பேன். நீங்க என்னடான்னா ஸ்கூல் கைவேலைங்கறீங்க."

"பெறகு ஏன் எடுத்தே?"

"ரெண்டு பேரும் ஒரே மீனைக் காட்டினா ரெண்டு பேரையும் திருடின்னு வெரட்டுவாங்க. எனக்கு வயசிருக்கு, வேற எங்கயாவது பாத்துக்கலாம். உங்களை இனிமே யாரு கூப்பிடப் போறாங்கன்னு தோணுச்சு. அதான் எடுத்தேன்."

எந்தத் திட்டும் இவ்வளவு வலித்திருக்காது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் எனக்காகத்தான் சொல்வதாக இருக்கும் என்று பட்டது. சொல்லவில்லை.

"இன்னொண்ணு," என்றாள். "தலைமைக்கு இப்போதைக்கு யாரையும் போடலையாம். பக்கம் கட்ட, எழுத்து பாக்க, அச்சகத்தோட பேச ஒரு ஆள் வேணுங்கறாங்க. உங்களைக் கூப்பிடலாமான்னு எங்கிட்டக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

வைத்துவிட்டாள். இவர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. "சாப்பிடலாமா?" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

ஆதிரை புதிய போர்ட்ஃபோலியோவை அனுப்பினாள். நான்கே பக்கம். காலக்கோடு, கணக்குக் கையேட்டின் அட்டவணை, ஒரு பொருளடக்கம், கையால் திருத்திய ஒரு மெய்ப்புத் தாள். எம்.ஏ. முடித்த வருடத்தைத் திரும்பப் போடச் சொல்லியிருந்தேன், போட்டிருக்கிறாள். நிறம் என்று ஒன்றும் இல்லை. மெய்ப்பில் நான் போட்ட சிவப்பு மட்டும்தான்.

"யாருக்கும்மா அனுப்பணும்? அந்தக் கம்பெனிக்கா?"

"இல்ல. நஸ்ரினுக்கு அனுப்பு."

"அவங்களுக்கா? அவங்க இதை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"தெரியாதுடி. அதை அவங்கதான் சொல்லணும்."